கையெழுத்துப் போட்டவர்கள்

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாட்கள், எனக்கு ஆபீஸில் வேலை இல்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தது, வேலைதான் இல்லை. நாங்கள் எழுதித் தரும் மென்பொருள் அமெரிக்காவில் ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்குப் போகிறது. அந்த நிறுவனம் அதை அமெரிக்க மத்திய அரசின் ஒரு துறைக்குக் கொடுக்கிறது. அந்தத் துறைக்குப் பணம் ஒதுக்கும் மசோதா செனட்டில் நிறைவேறவில்லை. வாஷிங்டனில் கதவைச் சாத்தினால் கிண்டியில் ஏழு பேர் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எங்களுக்கு அது டீ. மேரிலாந்தில் இருந்த என் சகாவுக்கு அப்படியில்லை. அமெரிக்காவில் இப்படி அரசு முடங்கினால், நேரடி அரசு ஊழியர்களுக்குப் பின்னால் நிலுவைச் சம்பளம் வந்துவிடும், அதற்குச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்த நிறுவனத்து ஆட்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அவர் சேமிப்பை எடுத்துச் சாப்பிட்டார். வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். முதல் நான்கு வாரம் அவர் கோபமெல்லாம் குடியரசுக் கட்சிமேல். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பிடிவாதமாக நிற்பது அவருக்குப் பெருமையாக இருந்தது. சாதாரண ஆட்களின் மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு தரும் கூடுதல் மானியம் ஆண்டு இறுதியோடு முடிகிறது, அதை நீட்டிக்காமல் பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போட மாட்டோம் என்பது அவர்கள் நிலை. "எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை" என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு இரவு. ஜனநாயகக் கட்சி அணியிலிருந்து எட்டு செனட்டர்கள் அந்தப் பக்கம் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். 60க்கு 40. மானியம் கிடைக்கவில்லை. டிசம்பரில் அதைப்பற்றி ஒரு வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதி மட்டும் கிடைத்தது. அரசு திறந்தது, என் சகாவுக்கு வேலை திரும்பியது. மறுநாள் பேசும்போது அவர் குரலில் சந்தோஷமே இல்லை. "இதற்காகவா நான் 40 நாள் உட்கார்ந்திருந்தேன்?" என்றார். கட்சியின் செனட் தலைவர் சக் ஷூமர் உடனே விலக வேண்டும் என்றார். அவர் மட்டும் இல்லை, கட்சிக்குள்ளேயே ரோ கன்னா போன்ற எம்பிக்கள் அதைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் இதேபோல ஒரு பட்ஜெட் நெருக்கடி வந்தபோது ஷூமர் 'ஆம்' என்று ஓட்டுப் போட்டார், அதற்காகத் திட்டினார்கள். நவம்பரில் 'இல்லை' என்று போட்டார். அப்போதும் திட்டினார்கள்.

"உங்க ஊர்ல இப்படி நடந்தா தலைவர் நாற்காலியில இருப்பாரா?" என்று கேட்டார் சகா.

எங்கள் ஊரில் இப்படி நடக்கவே நடக்காது என்றேன். அது பாதி உண்மை. இந்தியாவில் பட்ஜெட் மக்களவையில் தோற்றால் கஜானா மூடாது, அரசாங்கம் விழுந்துவிடும். விழுந்தாலும் சம்பளம் நிற்காது. 1999 ஏப்ரல் 17 அன்று ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் தோற்றார். யஷ்வந்த் சின்ஹா போட்ட பட்ஜெட் அப்போது அந்தரத்தில் நின்றது. என்ன செய்தார்கள்? முந்தின வாரம் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்த கட்சிகள் எல்லாம் உட்கார்ந்து விவாதமே இல்லாமல் அதை நிறைவேற்றிக் கொடுத்துவிட்டுத் தேர்தலுக்குப் போனார்கள். அதை யாரும் துரோகம் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நம்மிடம் அரசு முடங்குவது வேறு வாசல் வழியாக. ஊழியர்கள் வேலைக்கு வராமல் இருப்பார்கள். அதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் வளர்ந்தது நந்தனத்தில், அரசு ஊழியர் வாடகைக் குடியிருப்பில்.

2003 ஜூலை 2. போனஸ், ஓய்வூதியப் பலன்கள் என்று ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டெஸ்மா சட்டம் ஏற்கெனவே இருந்தது, இரண்டு நாளில் அதைத் திருத்தி ஓர் அவசரச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 1.70 லட்சம் பேர் டிஸ்மிஸ். உலகத்தில் வேறு எங்காவது ஓர் அரசு இத்தனை பேரை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறதா தெரியாது. அவர்கள் இடத்தில் மாதம் 4,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் புது ஆட்களை எடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சிஐடியு தலைவர் டி.கே.ரங்கராஜன் பெயரில் இருக்கும் அந்த வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் படிக்கிறார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி தீர்ப்பு: அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை, சட்டப்படியும் இல்லை, அறப்படியும் இல்லை. அதற்கு முன்பே ஜூலை 24 அன்று ஒரு வழி திறந்திருந்தது. கைதானவர்கள், வழக்கு இருப்பவர்கள் தவிர மற்றவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், நடத்தை விதி 22ஐ இனி மீற மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும்.

அப்பா அந்த ஜூலையில் ஆபரேஷன் முடிந்து மெடிக்கல் லீவில் இருந்தார். அதனால் அவர் ஸ்டிரைக்கிலும் இல்லை, டிஸ்மிஸ் பட்டியலிலும் இல்லை. வயிற்றில் கட்டோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மாடிப்படிதான் அந்த பிளாக்கின் கூட்ட மைதானம், ஏனென்றால் எதிர் வீட்டில் சங்கத்தின் கிளைச் செயலாளர் குடியிருந்தார். அவரை எல்லோரும் செகரட்டரி சார் என்பார்கள். எனக்கு அப்போது 13 வயது. பெரியவர்கள் படியில் உட்கார்ந்து அழுவதை அந்த மாதம்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மன்னிப்புக் கடிதத்தின் மாதிரியை ஜெராக்ஸ் எடுத்து வந்தவர் செகரட்டரி சார்தான். 'நிபந்தனையற்ற' என்ற சொல்லைப் படித்துவிட்டு ஒருவர் காகிதத்தைச் சுருட்டி எறிந்தார். செகரட்டரி சார் இன்னொன்றை எடுத்து நீட்டினார். "அடுத்த மாச வாடகையை யாருப்பா கொடுக்கிறது? நானா கொடுக்கப் போறேன்? போடுங்க." இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குரல் "துரோகி" என்றது. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எல்லோரும் போட்டு முடித்த பிறகு கடைசியாகத் தன் கையெழுத்தைப் போட்டார். செப்டம்பரில் சங்கப் பதவியை ராஜினாமா செய்தார்.

அடுத்த மே மாதம் மக்களவைத் தேர்தல். புதுச்சேரியையும் சேர்த்து 40க்கு 40 திமுக அணிக்கு. முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் ஜெயலலிதா பல உத்தரவுகளைத் திரும்பப் பெற்றார். ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளைக் கைவிடுவதும் அதில் ஒன்று. 40 இடத்தையும் தோற்ற தலைவர் பதவி விலக வேண்டும் என்று அந்தக் கட்சியில் யாரும் கேட்டிருக்க முடியாது, கேட்கவும் இல்லை. எங்கள் பிளாக்கில் மட்டும் புதுப் பேச்சு ஒன்று கிளம்பியது. 'இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா கையெழுத்தே வேண்டியிருந்திருக்காது.' பத்து மாதம் சம்பளம் இல்லாமல் எப்படிப் பொறுத்திருப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. செகரட்டரி சார் மாற்றல் வாங்கிக்கொண்டு திருச்சிப் பக்கம் போய்விட்டார்.

2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பழைய ஓய்வூதியம் கிடையாது. சிபிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியம்தான் இருந்தது. மாதா மாதம் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடித்தார்கள், அரசும் அதே அளவு போட்டது. ஓய்வுபெறும்போது சேர்ந்த தொகை கைக்கு வந்தது, மாதப் பென்ஷன் வரவில்லை. என் அக்கா 2012இல் டெட் தேர்வு எழுதி அரசுப் பள்ளி ஆசிரியை ஆனாள். அதே ஆண்டு அப்பா ஓய்வுபெற்றார். ஒரே வீட்டில் பழையதும் புதியதும். குடியிருப்பைக் காலி செய்துவிட்டு நந்தனத்திலேயே வாடகைக்கு வந்தோம், அப்பாவுக்கு இந்த ஏரியாவை விட மனசில்லை. ஓய்வூதியம் வழங்கும் அலுவலகமும் இங்கேயே அண்ணா சாலையில், பேராசிரியர் க.அன்பழகன் மாளிகைக்கு வந்துவிட்டதால் வருடாந்திர நேர்காணலுக்கு நடந்தே போய்விட்டு வருவார். (அன்பழகன் 1977 முதல் 2020இல் இறக்கும்வரை திமுகவின் பொதுச்செயலாளர். 43 ஆண்டுகள். ஷட் டவுன் 43 நாள் என்றபோது இந்தக் கணக்கும் சேர்ந்து ஞாபகம் வந்தது. பதவி விலகல் பற்றி நம் கட்சிகளிடம் ஆலோசனை கேட்பது வீண்.)

அக்கா 2019 ஜனவரி ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தில் ஒன்பது நாளும் நின்றாள். 22ஆம் தேதி தொடங்கி 30ஆம் தேதி, மாணவர்களின் தேர்வை முன்னிட்டு வாபஸ். சம்பளம் போனது, 17பி மெமோ வந்தது, கோரிக்கையில் ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு அதில்கூட அத்தனை கோபம் இல்லை. தோற்றோம், திரும்பி வந்தோம் என்பாள்.

2026 ஜனவரி 6 முதல் மறுபடி காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்திருந்தார்கள். கோரிக்கை பழைய ஓய்வூதியம். 2021 தேர்தல் அறிக்கையில் திமுகவே அதைத் தருவதாகச் சொல்லியிருந்தது. ஜனவரி 3, சனிக்கிழமை, முதல்வர் ஸ்டாலின் ஓர் இடைவழியை அறிவித்தார்: தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம். கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் மாத ஓய்வூதியமாக உறுதி. ஊழியரின் 10 சதவீதப் பிடித்தம் மட்டும் தொடரும். ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தைக் கைவிட்டது. அரையாண்டு விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். டிவியில் சங்கத் தலைவர்கள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க எல்லாரும் இன்னைக்கே பதவியை விட்டு இறங்கணும்" என்றாள்.

"ஏம்மா? பென்ஷன் கிடைச்சிருக்கு. 23 வருஷமா யாராலயும் முடியலை."

"என் பத்து சதவீதம் போயிட்டே இருக்கேப்பா. உங்களுக்குப் பிடிச்சாங்களா?"

"பிடிக்கலை. அதுக்காக ஒண்ணுமே வேண்டாம்னு சொல்லியிருக்கணுமா?"

"கேட்டிருக்கணும்ப்பா. எங்களைக் கேட்டிருக்கணும். அந்த மேஜையில உட்கார்ந்து சரின்னு சொன்னவங்கள்ல எத்தனை பேருக்கு சிபிஎஸ்? 2003க்கு முன்னாடி சேர்ந்தவங்களுக்கு எப்படியும் பழைய பென்ஷன் வரப்போகுது. அவங்களுக்கு இதுல என்ன போகுது?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செகரட்டரி சாரை இழுத்தார். "அந்த மனுஷன் விலகினாரே, என்ன கிடைச்சது? அவர் போனதுக்கப்புறம் ஆபீஸ்ல ஒரு மெமோவுக்கு ஒழுங்கா பதில் எழுதத் தெரிஞ்ச ஆள் இல்லை. அவர் இடத்துக்கு வந்தவன் மைக் பிடிச்சா விடமாட்டான், அவ்வளவுதான். பத்துப் பேருக்கு இன்க்ரிமென்ட் பாக்கி வர்றதுக்கு மூணு வருஷம் ஆச்சு. அவர் இருந்திருந்தா மூணு மாசம்."

"அவராவது கடைசியா கையெழுத்துப் போட்டார்ல" என்றாள் அக்கா.

நான் நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை, பிஎஃப் மட்டும்தான். யாராவது ஒருவர் தோற்க வேண்டும் என்று அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். இருவரும் ஒரே ஆளைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

அந்த வாரம் முழுவதும் பழைய ராஜினாமாக்களைப் படித்துக்கொண்டிருந்தேன். 1997 நம் சங்கதி, மூப்பனாரும் சிதம்பரமும் இருக்கிறார்கள். பிப்ரவரி 28 அன்று சிதம்பரம் 'கனவு பட்ஜெட்' போட்டார். மார்ச் 30 அன்று காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி ஆதரவை விலக்கினார். ஏப்ரல் 11 அன்று தேவகவுடா நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார், பட்ஜெட் இன்னும் நிறைவேறவில்லை. சமரசம் என்னவென்றால் தலைவரை மட்டும் மாற்றுங்கள், அதே அணிக்கு நாங்கள் ஆதரவு தருகிறோம். தேவகவுடா போனார், ஐ.கே.குஜ்ரால் வந்தார், பட்ஜெட்டும் பிறகு நிறைவேறியது. அந்தச் சமரசம் எவ்வளவு காலம் தாங்கியது? நவம்பரில் ஜெயின் கமிஷன் அறிக்கையை வைத்து, திமுக அமைச்சர்களை நீக்கு என்றது காங்கிரஸ். ஐக்கிய முன்னணி மறுத்தது. அரசு கவிழ்ந்தது. தலையைக் கேட்டு வாங்கியவர்கள் ஏழே மாதத்தில் அடுத்த தலையைக் கேட்டு வந்தார்கள்.

ராஜாஜியின் கதை வேறு மாதிரி. எங்கள் பேட்டைக்கு நந்தன வருஷத்தை ஒட்டிப் பெயர் வைத்தவர் அவர்தான் என்பார்கள். 1954இல் உடல்நிலையைக் காரணம் சொல்லி முதல்வர் பதவியை விட்டார், நிஜக் காரணம் குலக்கல்வித் திட்டம் என்று ஊருக்கே தெரியும். ஏப்ரலில் காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. ராஜாஜி சமரசம் செய்துகொள்ளவில்லை. தன்னால் முடியாத சமரசத்தைக் கட்சி செய்துகொள்ள வழிவிட்டார். அந்த விலகலுக்கு ஒரு பயன் இருந்தது.

ஷூமரின் விலகலால் என் மேரிலாந்து சகாவுக்கு என்ன பயன் என்று யோசித்துப் பார்த்தேன். வாக்குறுதி கொடுத்தபடி டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. மானியத்தை நீட்டிக்க 51 பேர், எதிராக 48 பேர். 60 தேவை, அதனால் தோற்றது. இதில் முக்கியமான விஷயம் ஷூமர் அல்ல, அந்த எட்டுப் பேர். எட்டில் இருவர், டர்பினும் ஷாஹீனும், அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று ஏற்கெனவே அறிவித்தவர்கள். மீதி ஆறு பேரின் பதவிக்காலம் 2028 அல்லது 2030வரை இருக்கிறது. 2026இல் மக்கள் முன் போய் நிற்க வேண்டியவர் ஒருவர்கூட அதில் இல்லை. அக்கா டிவியைப் பார்த்துக் கேட்ட கேள்வியேதான் இது: சரி என்று சொன்னவர்களுக்கு இதில் என்ன போகிறது?

அதனால் என் கணக்கு இப்படித்தான் போகிறது. முடக்கத்தை முடித்துவைத்ததற்காக ஒருவரை விலகச் சொல்வது நியாயமாகப் படவில்லை. எல்லா வேலைநிறுத்தமும் யாரோ ஒருவர் ஜெராக்ஸ் கட்டோடு படியேறி வருவதில்தான் முடிகிறது. அந்த ஆளைத் துரத்திவிட்டால், கிடைத்த அரைகுறை வாக்குறுதியை விரட்டிப் பிடிக்க ஆள் இல்லாமல் போகும். அப்பா சொன்ன இன்க்ரிமென்ட் கதை அதுதான். புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கும் விதிகள், அரசாணை, கணக்கு என்று இன்னும் எத்தனையோ இருக்கிறது, பேசி வாங்கியவர்கள் அதுவரை நாற்காலியில் இருந்து பதில் சொல்லட்டும். ஆனால் தன் பையிலிருந்து எதுவும் போகாத சமரசத்தை அடுத்தவர் சார்பில் ஏற்றுக்கொண்டு, அவர்களைக் கேட்காமலேயே நன்றியும் சொல்லிவிட்டு வருபவர் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகக் கூடாது. ஷூமரை இதில் எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். அவர் ஓட்டு 'இல்லை', அவர் அணியின் எட்டு ஓட்டு 'ஆம்'. தடுக்க முடியவில்லை என்றால் தலைவர் எதற்கு, தடுக்க விரும்பவில்லை என்றால் அந்த 'இல்லை' எதற்கு? படியில் நின்று கெட்ட பெயரை வாங்கிக்கொண்ட செகரட்டரி சாரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, மார்ச்சில் 'ஆம்' என்று போட்டுத் திட்டு வாங்கிய ஷூமர்மேல்தான் கொஞ்சமாவது மரியாதை வருகிறது.

இதைச் சகாவிடம் சொன்னேன். "நீ சாஃப்டா இருக்கே" என்றார். இருக்கலாம். எனக்கு 43 நாளும் சம்பளம் வந்தது.

அக்கா விடுமுறை முடிந்து போகும் முன் தன் சங்கத்தின் வட்டாரக் கிளைக்கு ஒரு கடிதம் எழுதினாள். முதல் வரைவில் பொறுப்பாளர்கள் விலக வேண்டும் என்று இருந்தது. இரண்டாவதில் அது போய், இனிமேல் ஓய்வூதியம் பற்றிய எந்தப் பேச்சுவார்த்தைக்கும் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்கள் பாதிப் பேராவது போக வேண்டும், முடிவை ஏற்பதற்கு முன் அவர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய குமாஸ்தா கணக்காகப் பென்சிலால் திருத்திக்கொண்டே வந்தார். தேதி போடச் சொன்னார். நகல் ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னார். கடைசி வரியில் நிறுத்தி, "'கோருகிறேன்' வேண்டாம்மா. 'கேட்டுக்கொள்கிறேன்'னு போடு, படிக்கிறவங்களுக்கு உறுத்தாது" என்றார்.

அவள் 'கோருகிறேன்' என்றே விட்டு உறையை ஒட்டினாள்.